எஃப்.ஐ.ஆரில் கண்ணாடி இருந்தது, நான் இல்லை

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. மாதம் 9,500 ரூபாய் சம்பளம். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் மாமியாரும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும். ஊர் மேலூர் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு கிராமம். ஊர்ப் பேரை நான் சொல்லப்போவதில்லை. கல் எறிந்த பையன்களும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான், அவர்களுக்கும் வீடு இருக்கிறது, அதில் தங்கச்சிகள் இருக்கிறார்கள். ஊர்ப் பேர் தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு நடந்ததும், அதற்குப் பிறகு நான் தெரியாமல் செய்த தப்புகளும் தெரிந்தால் இன்னொருத்தருக்கு உதவும். அந்த முதல் இரண்டு வாரத்தில் விவரம் தெரிந்த ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று இன்னமும் நினைத்து நினைத்து மருகுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2024 நவம்பர், மூன்றாவது வாரம். எங்கள் ஊருக்கு ராத்திரி கடைசி பஸ் ஒன்று உண்டு. ஊரிலேயே தங்கி விடியற்காலை ஐந்தரைக்குத் திரும்பும் இரவுத் தங்கல் பஸ். ஸ்டே பஸ் என்போம். கடை ஒன்பது மணிக்குச் சாத்துவார்கள், கணக்கு ஒப்படைத்துவிட்டு ஓடிவந்து பெரியார் நிலையத்தில் அதைப் பிடித்தால்தான் உண்டு. அன்றைக்கு நல்ல மழை. இடது பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாரல் அடிக்கவே கண்ணாடியை இழுத்து மூடிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். வழியில் ஒயின்ஷாப் முக்கில் மூன்று பையன்கள் ஏறினார்கள். உள்ளே இடம் இருந்தும் படியிலேயே தொங்கினார்கள். கண்டக்டர் அண்ணன் இரண்டு தடவை, “தம்பி, மேல வாங்கப்பா, மழை வழுக்குது” என்று தன்மையாகத்தான் சொன்னார். மூன்றாவது தடவை விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். “ஒங்கப்பன் வீட்டு வண்டியா” என்று ஆரம்பித்து அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஏற மாட்டார்கள் என்று தெரிந்ததும் இறக்கி விட்டுவிட்டு வண்டி கிளம்பியது. ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று அந்தப் படிக்கு மேலேயே எழுதியிருந்தது.

வண்டி இருபதடி கூடப் போயிருக்காது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். என் முகத்தின் மேல் ஏதோ கொட்டியது. முதலில் வலியே தெரியவில்லை. மடியிலும் டிபன் பையிலும் கல்கண்டு மாதிரி கண்ணாடித் துண்டுகள். இடது கண்ணைத் திறக்க முடியவில்லை, சூடாக ஏதோ வழிந்தது. கையைக் கொண்டுபோன நொடியில் பின் சீட்டிலிருந்து ஒரு பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பிள்ளை, நர்ஸிங் படிக்கிறது. “அத்தை, கசக்காதீங்க, தொடவே தொடாதீங்க, தண்ணியும் ஊத்தக் கூடாது” என்று சொல்லிவிட்டு, டீ குடித்த பேப்பர் கப் ஒன்றைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து, துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிக் கட்டியது. தலையைக் குனிய விடாமல் நிமிர்த்தி உட்காரவைத்தது. இன்றைக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் என்று ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளையால்தான் என்று டாக்டர் பின்னால் சொன்னார். கண்ணில் கண்ணாடி, கம்பி எது குத்தினாலும் கசக்கவோ, கழுவவோ, பிடுங்கவோ கூடாது. அழுத்தம் படாமல் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம் என்பதால் வழியில் எதையும் சாப்பிடவும் கூடாது. தூசி விழுந்தால் கழுவு என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், கண் கிழிந்திருக்கும்போது அதைச் செய்தால் கெட்டது.

டிரைவர் அண்ணன் வண்டியை அந்த இடத்தில் நிறுத்தவில்லை. “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று ஆட்கள் கத்தினார்கள். அவர் காதிலேயே வாங்காமல் அடுத்த பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் போய்த்தான் நிறுத்தினார். அது எவ்வளவு சரி என்று அப்புறம் புரிந்தது. நின்றிருந்தால் இரண்டாவது கல் வந்திருக்கும். உங்கள் பஸ்ஸில் இப்படி நடந்தால் டிரைவரைத் திட்டாதீர்கள், ஜன்னலை விட்டு நகர்ந்து நடுவழிப் பக்கம் குனிந்துகொள்ளுங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவில் சவ்வு வைத்துச் செய்தது, கல் பட்டால் சிலந்தி வலை போல விரிசல் விடுமே தவிர கொட்டாது. பக்கவாட்டுக் கண்ணாடி அப்படியில்லை. பதப்படுத்தின கண்ணாடி, பட்டதும் மொத்தமாக நொறுங்கிக் கொட்டும். பெரிய பெரிய கத்தியாக உடையாமல் சின்னச் சின்னதாக உடைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்களாம். கழுத்தை அறுக்காது, சரி. கண்ணுக்கு ஒரு துணுக்கு போதுமே.

நான் செய்த முதல் தப்பு அந்த ராத்திரியே. 108-க்குப் போன் செய்தார்கள், வர இருபது நிமிடம் ஆகும் என்றதும் அதற்குள் ஒரு ஆட்டோவில் ஏற்றி, வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய கட்டடம், கண்ணாடிக் கதவு, எல்லாம் இருக்கும் என்று நினைத்தோம். ராத்திரி அங்கே கண் டாக்டர் இல்லை. அதைச் சொல்லி அனுப்பியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். சொல்லவில்லை. முகத்துக் காயத்துக்குத் தையல், ஊசி, ஸ்கேன், டிரிப் என்று அட்மிஷன் போட்டு, “காலையில கண் டாக்டர் வருவார்” என்று படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்த மாத்திரத்தில், “ஏன்மா ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குப் போகல?” என்று கேட்டார். பில் 18,500 ரூபாய். கழுத்துச் செயினை என் தம்பி கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துக் கட்டினான். பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் அரசு மருத்துவமனையில் அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்தார்கள், கருவிழி கிழிந்திருந்தது, மயிரை விட மெல்லிய நூலால் தையல். ஒரு பைசா வாங்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் வீணாக்கினேன். கண்ணில் அடி என்றால் வாசலிலேயே, “கண் டாக்டர் இப்ப இருக்காரா?” என்று கேளுங்கள். “வருவார்” என்ற பதில் வந்தால் உள்ளே போகவே போகாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, அதை விட மோசம். அந்தத் தனியார் இடத்தில் என் கேஸ் ஷீட்டில் ‘கீழே விழுந்ததில் கண்ணாடி குத்திய காயம்’ என்று எழுதியிருந்தார்கள். கல் எறிந்தது என்று எழுதினால் போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அந்த வேலை எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. நான் படித்துப் பார்க்கவில்லை. ஒரு கண்ணைக் கட்டி, இன்னொரு கண்ணில் தண்ணீராக ஓடும்போது எப்படிப் படிப்பேன்? பெரியாஸ்பத்திரியில் ஏ.ஆர் என்ற விபத்துப் பதிவேட்டில் போட்ட என்ட்ரியில் நடந்தது நடந்தபடி எழுதினார்கள். பஸ்ஸில் போகும்போது தெரியாத நபர்கள் கல் எறிந்ததில் கண்ணாடி உடைந்து காயம், நேரம், இடம் எல்லாம். அந்த ஒரு காகிதம்தான் பிற்பாடு எனக்குக் காப்பாக நின்றது. ஆனாலும் முதல் காகிதமும் இரண்டாவது காகிதமும் வேறு வேறாக இருப்பது ஏன் என்று நான் நாலு இடத்தில் பதில் சொல்ல வேண்டிவந்தது. கூட வந்தவர்கள் யாராக இருந்தாலும் டியூட்டி டாக்டரிடம் ஒரே மாதிரி, சுருக்கமாகச் சொல்லட்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏ.ஆர் காப்பி வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.

எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். பையன்களைப் பிடித்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு நிம்மதி, கேஸ் நடக்கிறது, எல்லாம் அதன்படி வரும் என்று. யாரும் என்னிடம் வாக்குமூலம் வாங்க வரவில்லையே என்று கூட எனக்குத் தோன்றவில்லை. ரெண்டு வாரம் கழித்து வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் பெரியப்பா மகன் ஒருத்தன் பார்க்க வந்தான். “எஃப்.ஐ.ஆர்ல ஒம் பேரு இருக்கா மதினி?” என்று கேட்டான். என் பேர் இல்லாமல் எப்படி இருக்கும், அடிபட்டது நான்தானே என்றேன். அவன் போனிலேயே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தேடி எடுத்து வாசித்தான். டிரைவர் கொடுத்த புகார். 1992-ஆம் வருடத்து தமிழ்நாடு பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. கடமை செய்ய விடாமல் தடுத்தது, ஆபாசமாகப் பேசியது, இடதுபுறம் நான்காவது ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடியின் மதிப்பு எவ்வளவு என்று ரூபாயில் எழுதியிருந்தது. அந்த ஜன்னலுக்கு உள்ளே ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வரி இல்லை.

நான் அன்றைக்கு அழுதது மாதிரி ஆபரேஷன் அன்றைக்குக் கூட அழவில்லை. டிரைவர் அண்ணன் மேல் தப்பில்லை. அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேஷனுக்குப் போய், வண்டிக்கு ஆன சேதத்தைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டியை டிப்போவில் விட வேண்டியவர். டிரிப் கட். எங்கள் ஊர் ஜனம் முப்பது பேர் அன்று மழையில் நடந்து வீடு சேர்ந்திருக்கிறார்கள். அவரைக் கேட்டபோது, “பேஷண்டு கேஸை ஆஸ்பத்திரியில இருந்து தனியா அனுப்புவாங்கன்னு நெனச்சேம்மா” என்றார். ஆஸ்பத்திரியிலோ கீழே விழுந்தது என்று எழுதிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் விழுந்துவிட்டேன். ஜாமீனுக்குக் கண்ணாடிக்கான தொகையைக் கட்டச் சொல்லி உத்தரவாகி, பையன்கள் வீட்டில் கட்டியும்விட்டார்கள். பஸ்ஸுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. எனக்கு அப்போது தையல் கூடப் பிரிக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நாலு தடவை நடந்தேன். “வழக்குதான் ஏற்கெனவே இருக்கேம்மா” என்பார்கள். அதில் நான் இல்லையே சார் என்றால், அய்யா வரட்டும் என்பார்கள். நாலாவது தடவை அந்தக் குமாஸ்தா சொல்லிக் கொடுத்தபடி, நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி, ஏ.ஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர் எண் எல்லாம் வைத்துக் கொடுத்து ரசீது கேட்டேன். கொடுக்கத் தயங்கினார்கள். அதே மனுவை எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள், காயம் ஏற்படுத்திய பிரிவையும் சேர்த்து கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பினார்கள். நாலு தடவை கெஞ்சியதில் நடக்காதது ஒரு தபாலில் நடந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்தில் புகார் கொடுத்தவருக்கு மட்டுமில்லை, பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. அடிபட்ட இரண்டு மூன்று நாளுக்குள் வீட்டில் யாராவது ஒருவர் போய் அந்த நகலை வாங்கி உங்கள் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பஸ்ஸில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி அப்போதே எழுதிக் கொடுங்கள். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும், நான் கேட்கும்போது ஏறிவிட்டிருந்தது.

டிக்கெட் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், பெண்கள் முக்கியமாகக் கேளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லை. காசு கொடுக்கவில்லை என்பதால் அந்தச் சீட்டையும் நாம் சீட்டாக நினைப்பதில்லை, வாங்கின கையோடு ஜன்னல் வழியாகப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான். அந்த நாளில் அந்த நேரத்தில் அந்தப் பஸ்ஸில் நான் இருந்தேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று முதல் முதலாகக் கேட்டபோது வாயடைத்துப் போனேன். கண்டக்டர் அண்ணன் சாட்சி சொல்லி, அந்த நர்ஸிங் பிள்ளையும் வந்து கையெழுத்துப் போட்டதால் தப்பித்தேன். அண்ணன் வேற ரூட்டுக்கு மாறிப் போயிருந்தால்? அந்தக் கட்டணமில்லாச் சீட்டை வீட்டுக்குப் போகும் வரைக்குமாவது பர்ஸில் வைத்திருங்கள்.

சம்பளம் போனது பற்றி. 83 நாள் வேலைக்குப் போகவில்லை. முதலாளி முதல் பதினைந்து நாள் சம்பளம் கொடுத்தார், அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடையில் இ.எஸ்.ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உண்டு, சம்பளத்தில் முக்கால் சதவீதம், மாதம் எழுபத்திரண்டு ரூபாய். அது காய்ச்சல் தலைவலிக்கு மாத்திரை வாங்குவதற்கு என்றுதான் வருடக்கணக்காக நினைத்திருந்தேன். ஜனவரியில் கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா சொல்லித்தான் தத்தனேரி இ.எஸ்.ஐ மருத்துவமனைக்குப் போனேன். உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள் என்பது வரைக்கும் அந்த அக்காவுக்குத் தெரியும். அங்கே ஒரு மேடம் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியிலயா நடந்தது?” என்று கேட்டார். 2010-ல் இ.எஸ்.ஐ சட்டத்தில் 51இ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்களாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ ஏற்படும் விபத்து வேலையில் ஏற்பட்ட காயமாகவே கணக்கு. அதற்கு 90 சதவீதம். கண் பார்வையில் நிரந்தரமாகக் குறை இருந்தால் மருத்துவக் குழு பார்த்து அதற்குத் தனியாக மாதாமாதம் தொகை. நான் இருந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக மகளின் டியூஷன் பீஸுக்கு யாரிடம் கேட்பது என்று ராத்திரி தூங்காமல் கிடந்தவள் நான்.

அதற்கு முதலாளி விபத்து அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். அவர் முதலில் பயந்தார், கடை மேல் ஏதாவது வந்துவிடுமோ என்று. கடைக்குச் செலவு எதுவும் இல்லை, இ.எஸ்.ஐ-தான் கொடுக்கிறது என்று அந்த மேடமே போனில் பேசியதும் கையெழுத்துப் போட்டார். அன்று நான் கடையை விட்டுக் கிளம்பிய நேரம் வருகைப் பதிவேட்டில் இருந்தது, கல் விழுந்த நேரம் எஃப்.ஐ.ஆரில் இருந்தது, இரண்டும் ஒட்டிப்போனது. நேரே வீட்டுக்குப் போகாமல் வழியில் இறங்கி எங்கேயாவது போயிருந்தால் சிக்கலாகியிருக்குமாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் இருக்கிறீர்கள், சம்பளம் 21,000-க்குள் என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ இருக்க வேண்டும். அட்டை எண் தெரியுமா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு நிதியிலிருந்து இழப்பீடு தரும் திட்டம் இருக்கிறது, கல் எறிந்தவன் யார் என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் கேட்கலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். இது தவிர மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலும் மனுப் போட்டிருக்கிறோம். கல்லெறியை வாகன விபத்தாக எடுத்துக்கொள்வார்களா என்பது வழக்குக்கு வழக்கு வாதாடிப் பெற வேண்டியது என்று வக்கீலம்மா மறைக்காமல் சொன்னார். ஆனால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், அதைத் தவறவிட்டால் வாதாடவே இடமில்லாமல் போகும் என்று ஐந்தாவது மாதத்தில் போட்டுவிட்டார். இரண்டிலும் இன்னும் உத்தரவு வரவில்லை. இதுவரை கையிலிருந்து போனது தனியார் பில் 18,500, சொட்டு மருந்து, மாத்திரை, ஸ்கேன் 9,400, போக வர ஆட்டோ பஸ் 7,000, மூக்குக் கண்ணாடி 3,200. 38,100 ரூபாய். ரசீது இருப்பது அதில் முக்கால்வாசிக்குத்தான். ஆட்டோவுக்கு யார் ரசீது வாங்குகிறோம்? தேதி போட்டு ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதியிருந்தால் அதுவாவது உதவியிருக்கும் என்றார்கள்.

என் கண்ணைப் பற்றி இத்தோடு போதும். தையல் பிரித்தார்கள், அப்புறம் அடிபட்டதால் புரை விழுந்து, லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இடது கண்ணில் பனிமூட்டத்துக்குள் பார்ப்பது மாதிரி தெரியும். பில்லில் 3-க்கும் 8-க்கும் குழப்பம் வராமல் இருக்க வலது கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.

இதில் ஊருக்கு ஆனதைச் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்த மறுநாளிலிருந்து ஸ்டே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கடைசி பஸ் ஏழரை மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஹோட்டல் என்று மதுரைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பதினோரு பேர். எல்லாருக்கும் வேலை முடிய ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். ஷேர் ஆட்டோ பிடித்தால் தலைக்கு அறுபது ரூபாய், மாதம் 1,560. இலவசமாகப் போய் வந்த வழிக்கு. மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள், ஒரு பிள்ளைக்கு அதைச் சாக்கு வைத்தே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். என் மகள் தன் டியூஷனை விட்டாள். பஸ்ஸில் கல் விழுவது நமக்குப் புதுசில்லை. 1997-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. விருதுநகரில் புதிதாக வந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்ததைத் தொட்டுக் கலவரமாகி, கடைசியில் பாண்டியன், சேரன், பல்லவன், கட்டபொம்மன் என்று இருந்த பேர்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பொதுவாக அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். அந்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லாமல் அப்பா திருமங்கலத்திலிருந்து நடந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் தர்மபுரி இலக்கியம்பட்டியில் பஸ்ஸைக் கொளுத்தி மூன்று மாணவிகள் கருகியது எல்லாருக்கும் தெரியும். யாருக்கு யார் மேல் கோபம் என்றாலும் கையில் கிடைப்பது பஸ்தான். இந்தப் பையன்களுக்கு அந்த மாதிரிக் காரணம் கூட இல்லை. மேலே ஏறு என்று ஒருத்தர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

பஸ்ஸைத் திரும்பக் கேட்டு நாங்கள் பெண்கள் மட்டும் போய் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். மனு டிப்போவுக்குப் போனது, பாதுகாப்பு இல்லை என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் டிரைவர் அண்ணனைப் பார்த்துப் பேசியபோது கோபம் இறங்கிவிட்டது. ஸ்டே பஸ் என்றால் டிரைவரும் கண்டக்டரும் ராத்திரி அந்த வண்டிக்குள்ளேயேதான் படுக்க வேண்டும். எங்கள் ஊரில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு கிடையாது, கக்கூஸ் கிடையாது. கல் எறிந்தவர்கள் ஜாமீனில் வந்து அதே முக்கில் நிற்கிறார்கள். டிரிப் கட் ஆனால் அவர்களுக்குக் கலெக்‌ஷன் பேட்டாவும், அதாவது வசூலைப் பொறுத்துக் கிடைக்கும் படியும், போகும். “நீங்க பஸ்ஸை மட்டும் கேக்குறீங்கம்மா, அதுல நாங்களும் இருக்கோம்ல” என்றார். எஃப்.ஐ.ஆரில் என் பேர் இல்லையே என்று நான் அழுத மாதிரிதான் எனக்கு அது கேட்டது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்திருந்தார். ஜனவரி 26 கிராம சபையில் நாங்கள் கேட்டது மூன்று. வண்டி நிற்க ரேஷன் கடை முன்னால் இடம், அங்கே ஒரு தெருவிளக்கு, ராத்திரி அவர்களுக்கு மகளிர் குழுக் கட்டடத்துச் சாவி. தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்கி, டிப்போ கிளை மேலாளரிடமும் ஸ்டேஷனிலும் கொடுத்தோம். ராத்திரி ரோந்து அந்த நேரத்துக்கு முக்கில் நிற்கிறோம் என்று போலீஸில் ஒத்துக்கொண்டார்கள். பஸ் வேண்டும் என்று வெறும் மனு மட்டும் போடாதீர்கள், வருகிறவர்களுக்கு ஊர் என்ன செய்து தரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் மனு நகர்ந்தது அதற்குப் பிறகுதான். மார்ச் மாதம் பஸ் வந்தது. முழுசாக இல்லை, மெயின் ரோட்டு முக்கு வரைக்கும். தங்கலும் இல்லை, இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிவிடும். ஊருக்குள் வரச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். தெருவிளக்கு போட்டாகிவிட்டது.

ராஜிக்கு வந்தார்கள். மூன்றில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, இருபதாயிரம் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடு என்றார்கள். ஒரு பையனுக்குப் பதினேழு வயதுதான், அவன் விஷயம் சிறார் நீதிக் குழுமத்தில் தனியாக நடக்கிறது. அவனுடைய அம்மா மட்டும் பெரியவர் யாரும் இல்லாமல் தனியாக வந்தாள். என்னை விடச் சின்னவள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாமியார் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் இழப்பீட்டு மனு இரண்டும் பலவீனமாகியிருக்கும் என்று வக்கீலம்மா சொன்னார், அவரைக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்றும் சொன்னார். அது மட்டும் காரணமில்லை. எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பையனின் அம்மாவுக்கும் அதே பஸ்தான். ஹோட்டலில் ஒன்பதரைக்கு விடுவார்கள், பெரியாரில் எனக்குப் பின்னால் ஓடிவந்து ஏறுவாள். முக்கில் இறங்கினால் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், பாதி தூரம் விளக்கு இல்லை. என்னால் இருட்டில் மேடு பள்ளம் சரியாகக் கணிக்க முடியாது. முதல் நாள் அவள் முன்னால் போனாள், நான் பின்னால். இரண்டாம் நாள் நின்று, செல்போன் டார்ச்சை என் காலுக்கு முன்னால் அடித்தாள். கேஸைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த வாய்தா எனக்கு ஆகஸ்டில், அவள் மகனுக்கு அதற்கு முந்தின வாரம். ராத்திரி பத்தேகாலுக்கு இறங்கி, நாங்கள் சேர்ந்துதான் நடக்கிறோம்.